மாதிரி உடல்

ஆகஸ்ட் 18, திங்கள்

மருத்துவக் கல்லூரியில் இன்று வேலைக்குச் சேர்ந்தேன். ரூபியிடம் போனில் சொன்னபோது, "டாக்டராவா?" என்று கேட்டாள். அக்காள் வீட்டில் இருந்தால் என் மனைவிக்குக் கொஞ்சம் வாய் நீளும். முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்க நாசரேத்துக்குப் போயிருக்கிறாள். இரண்டு வாரம் என்று சொல்லிப் போனாள். இது ஐந்தாவது மாதம். முட்டி சிக்கலான மூட்டு.

வேலை இதுதான். முதலாண்டு மாணவர்கள் உடற்கூறியல் படிக்கிறார்கள். இறந்த உடலை அறுத்துப் படிப்பது ஒரு பகுதி. உயிரோடு இருக்கும் மனிதனின் தோலுக்கு மேல், உள்ளே எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று பேனாவால் வரைந்து காட்டுவது இன்னொரு பகுதி. அதற்கு ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு மேசையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பதவியின் பெயர் மாதிரி உடல்.

துறைத் தலைவர் டாக்டர் வசுமதி என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கொழுப்பே இல்ல. விலா எலும்பைத் தூரத்துல இருந்தே எண்ணிடலாம். இந்த மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். முப்பத்தொரு வருடம் பி.டி. ஆசிரியராக இருந்தவனுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை, இருதயம், மஞ்சள் காமாலை, புகை, மது என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் "இல்லை" கட்டத்தில் டிக் செய்தேன். கட்டங்கள் மிகச் சிறியவை. விளக்கம் எழுத இடமே விடவில்லை.

மாலை நடை: இரண்டு சுற்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

முதல் வகுப்பு. நாற்பது பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். பள்ளியில் நாற்பது பேரை நான் வரிசையில் நிறுத்துவேன். இங்கே நான் படுத்திருக்க, அவர்கள் நிற்கிறார்கள்.

சட்டையைக் கழற்றும்போது சற்றுத் தயங்கினேன். துறை ஊழியர் சுடலைமுத்து சத்தமாகவே கேட்டார்: "என்ன சார்வாள், இதுக்கே கூச்சப்படுதீய? பக்கத்து ரூம்புல பன்னெண்டு பேரு ஒண்ணுமே இல்லாம கெடக்காவ. ஒருத்தராவது வாயத் தொறக்காவளா?"

மார்பெலும்பின் மேல்பகுதியில் விரல் வைத்தால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதன் இரு பக்கமும் இருப்பது இரண்டாவது விலா எலும்பு. அங்கிருந்து கீழே எண்ணிக்கொண்டே போக வேண்டும். எல்லா உறுப்புக்கும் அதுதான் கதவு எண்.

ஒரு செய்தி தெரிந்துகொண்டேன். இருதயம் இடது பக்கம் இல்லை. நடுவில், மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கிறது. அதன் நுனி மட்டும் இடப்பக்கம் சாய்ந்து, ஐந்தாவது விலா இடைவெளியில் துடிக்கிறது. முப்பத்தொரு வருடம் உறுதிமொழி நேரத்தில், "இருதயத்தின் மேல் கை வை" என்று சொல்லி ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இடது நுரையீரலின் மேல் கை வைக்கச் செய்திருக்கிறேன். தள்ளி வைத்த சிலரை அடித்தும் இருக்கிறேன்.

சிவப்பு இருதயம், நீல நுரையீரல்களோடு பஸ்ஸில் வீடு வந்தேன். சோப்புக்குப் போகவில்லை. மாலை நடை ரயில்வே கேட் வரை. அங்கே அரசாங்கக் கட்டடத்தில் கூட்டம். இரண்டு சுற்று.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வகுப்பு இல்லை. ரேஷன் கடையில் துவரம்பருப்பு இல்லை. மூன்று சுற்று.

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டர் வசுமதி இன்று கேட்டார்: "முப்பத்தொரு வருஷ சர்வீஸ். இன்னும் மூணு வருஷம் இருந்துட்டு ரிட்டயர் ஆகியிருக்கலாமே?"

விருப்ப ஓய்வு என்றேன். அது உண்மைதான். விளையாட்டு விழாவில் கொடி ஏற்றும்போது எனக்குச் சிறிய மயக்கம் வந்தது. கயிற்றைப் பிடித்தபடி விழுந்துவிட்டேன். கொடியும் கூடவே வந்துவிட்டது. வெயில்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். காலை எட்டு மணிக்கு என்ன வெயில் என்று தாளாளர் கேட்டார். உடலியல் தெரியாதவர்களிடம் வாதாட முடியாது. அவர் விரும்பினார், நான் ஓய்வு பெற்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மாணவர்களில் ஒருத்தியைப் பற்றி எழுத வேண்டும். பெயர் செம்மலர். அரியலூர்ப் பக்கத்துக் கிராமம். அரசுப் பள்ளியில் படித்து, இட ஒதுக்கீட்டில் வந்தவள். மற்றவர்கள் புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து என் மேல் வரைகிறார்கள். இவள் முதலில் என்னைத் தொட்டுப் பார்க்கிறாள், அப்புறம்தான் பேனாவைத் திறக்கிறாள். தொடும் முன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆங்கிலத்தில் கேட்டால்தான் தடுமாறுகிறாள். மண்ணீரல் எந்த விலா எலும்புகளின் மட்டத்தில் இருக்கிறது என்று உதவிப் பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார். பதில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆனால் அவள் விரல் சரியாக என் இடது விலாவின் ஒன்பது, பத்து, பதினொன்றில் போய் நின்றது. வாய்க்குத்தான் மதிப்பெண் என்று உதவிப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

நல்ல பெண். என் பள்ளியில் இருந்திருந்தால் நீளம் தாண்டுதலுக்கு எடுத்திருப்பேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று கல்லீரல். டாக்டர் வசுமதியே வந்து பாடம் எடுத்தார். உடம்புக்குள் இருப்பதில் பெரிய உறுப்பு. ஒன்றரைக் கிலோ. வலது விலா எலும்புகளுக்குள் பத்திரமாக ஒளிந்திருக்கிறது. சாப்பிட்டதெல்லாம், குடித்ததெல்லாம் முதலில் அங்கேதான் போகிறது. நஞ்சை முறிக்கிறது, பித்தம் சுரக்கிறது, சர்க்கரையைச் சேமிக்கிறது. ஐந்நூறு வேலை செய்கிறது என்றார். எந்தப் பள்ளியிலும் இப்படி ஒரு ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

பிறகு ஒன்று சொன்னார்: "கல்லீரலுக்குள்ள வலி தெரியிற நரம்பு கிடையாது. மேல இருக்கிற உறை இழுபட்டாத்தான் வலிக்கும். அதனால பாதி கெட்டுப்போனாலும் சத்தம் போடாது. வலிக்கலைங்கிறதுக்காக நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல."

பொன்னான வார்த்தை. இதை ரூபியிடம் சொல்ல வேண்டும். அவள் எதற்கெடுத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பாள்.

தேடிப் பார்க்கும் முறையும் காட்டினார். வலது வயிற்றில் கையைப் பரப்பி வைத்து, மூச்சை இழுக்கச் சொல்ல வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் இறங்கும். கூடவே கல்லீரலும் இறங்கும். இயல்பான உடலில் அது விலாவைத் தாண்டி விரலுக்குத் தட்டுப்படாது. "இவர் இயல்பான உடல். எல்லாரும் விலா ஓரத்தை ஒட்டி வரைங்க" என்றுவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

எல்லோரும் விலா ஓரத்தை ஒட்டிப் பழுப்பு மையில் வரைந்தார்கள். செம்மலர் முறை வந்தது. கையைச் சூடாக்கினாள். வைத்தாள். மூச்சை இழுக்கச் சொன்னாள். முகம் சற்று மாறியது. கையைக் கீழே நகர்த்தினாள். இன்னொரு முறை இழுக்கச் சொன்னாள். இன்னும் கீழே. பிறகு உதவிப் பேராசிரியரை அழைத்தாள்.

"சார், இவருக்கு நாலு விரல் கீழ வரைக்கும் தட்டுப்படுதுங்க."

அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "வயித்துத் தசையைத் தொட்டுட்டு லிவர்ங்கிறே. புத்தகத்தைப் பாரு" என்றார்.

நான் விளையாட்டு வீரன். என் வயிற்றுத் தசைகள் கெட்டியானவை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மூன்று சுற்று. சாப்பாடு பிடிக்கவில்லை. சில மாதங்களாகவே அப்படித்தான். ஹோட்டல் எண்ணெய்.

செப்டம்பர் 15, திங்கள்

வகுப்பு முடிந்து நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது செம்மலர் மட்டும் போகாமல் நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளும்மா."

"நீங்க ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கறீங்களா? எங்கப்பாவுக்கும் இதே இடத்துல இதே மாதிரி கெட்டியா இருந்துச்சுங்க. வயித்துல எண்ணெய் தேச்சு விடச் சொல்லுவாரு. நான்தான் தேச்சு விடுவேன். அப்ப எனக்கு ஆறாப்பு. அது என்னன்னு எனக்குத் தெரியல."

"இப்ப அப்பா என்ன செய்றார்?"

"இல்லைங்க சார்."

அவளிடம் நான் என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதப் போவதில்லை. ஒரு மாணவி தன் எல்லையை உணர வேண்டும் என்ற பொருளில் சில வார்த்தைகள் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மைதானத்தில் பழகிய குரல். சுடலைமுத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான்கு சுற்று.

செப்டம்பர் 16, செவ்வாய்

டாக்டர் வசுமதியிடம் போய், செம்மலர் வயிற்றைப் பலமாக அழுத்துகிறாள் என்று முறையிட்டேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

செம்மலரை வேறு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மாதிரி உடல் கிடையாது, பிளாஸ்டிக் பொம்மைதான். பொம்மையைத் தொடுவதற்கு முன்னும் அவள் கையைச் சூடாக்கிக்கொண்டதைப் பார்த்தேன். பழக்கம்.

இன்று என் மேல் சிறுகுடல் வரைந்தார்கள். கூச்சமாக இருந்தது.

அக்டோபர் 1, புதன்

நாளை காந்தி ஜெயந்தி. நடைக்கு விடுமுறை. அதை ஈடுகட்ட இன்று ஆறு சுற்று.

அக்டோபர் 2, வியாழன்

மகாத்மாவின் பிறந்தநாள். வீட்டிலேயே இருந்தேன். மாலையில் வியர்த்துக்கொண்டே இருந்தது. பாத்திரம் கழுவினேன், இரண்டு தம்ளர் உடைந்தன. நல்ல தலைவர்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

வகுப்பில் நாடித் துடிப்பு. மணிக்கட்டில், பெருவிரல் பக்கம், எலும்பின் மேல் இரத்தக் குழாய் ஓடுகிறது. அங்கே மூன்று விரல் வைத்து எண்ண வேண்டும். என் கை நடுங்கியதால் மாணவர்களுக்கு எண்ணிக்கை தவறித் தவறிப் போயிற்று. ஏ.சி. அதிகம் என்றேன். ஒரு பையன் ரொம்ப அக்கறையாக எழுந்துபோய் ஏ.சி.யை அணைத்தான். அப்புறமும் நடுங்கியது.

நூற்றுப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டார்கள். ஓய்வில் இருக்கும் மனிதனுக்கு எழுபத்திரண்டு என்று புத்தகம் சொல்கிறது. நான் ஓய்வில் இருக்கவில்லை என்று முடிவு செய்தார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

ரூபி போன் செய்தாள். கோயிலுக்குப் போனீர்களா என்று கேட்டாள். போனேன் என்றேன். எந்த வசனத்தில் பிரசங்கம் என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை.

அக்டோபர் 27, திங்கள்

பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு. மூன்று நாள். வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருக்கிறார். தங்க பிரேம் கண்ணாடி. கையில் சிறிய ஸ்டீல் ஸ்கேல். அதை வைத்துத்தான் என்னைச் சுட்டிக்காட்டுகிறார். காலையிலிருந்து அவர் விரல் ஒருமுறைகூட என் மேல் படவில்லை.

மாணவர்கள் சீட்டு எடுத்து, வருகிற உறுப்பை என் மேல் வரைய வேண்டும். முன்னால் வந்தவர்கள் வரைந்ததைச் சுடலைமுத்து ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுவார். பதினோராவதாக செம்மலர் வந்தாள். சீட்டைப் பிரித்தாள். கல்லீரல்.

அவளுக்குப் புத்தகத்தின் விடை தெரியும். விலா ஓரத்தை ஒட்டி ஒரு கோடு. அரை நிமிட வேலை. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "மூச்சை இழுங்க சார்" என்றாள். செப்டம்பருக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. இழுத்தேன். விலாவிலிருந்து நான்கு விரல் கீழே, நிதானமாக, பழுப்புக் கோடு போட்டாள்.

தேர்வாளர் ஸ்கேலை நீட்டினார். "என்னம்மா இது? எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இல்லைங்க சார். இவருக்கு இங்கதான் இருக்கு."

"இவர் நார்மல் சப்ஜெக்ட். ஃபைல்ல எழுதி கையெழுத்துப் போட்டிருக்கார். நீ ஃபைலை நம்புவியா, உன் விரலை நம்புவியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதில் மூன்று இறக்கைகள் இருந்தன.

"விரலைங்க சார்."

பூஜ்யம் போட்டார். பிறகு ஆங்கிலத்தில் நான்கைந்து கேள்விகள் கேட்டார். அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

மாதிரி உடல் தேர்வின்போது பேசக் கூடாது என்பது விதி. நான் விதிகளை மதிப்பவன்.

எத்தனை சுற்று என்று எண்ணவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

சுடலைமுத்துதான் ஆரம்பித்தார். பஞ்சால் என் வயிற்றைத் துடைத்துக்கொண்டே, "அந்த அரியலூர்ப் பிள்ள நேத்துப் படிக்கட்டுல உக்காந்துக்கிட்டு அழுதுட்டு கெடந்துச்சு, சார்வாள். அந்தப் பத்து மார்க்கு போச்சுன்னா பெயிலாம். இனி ஆறு மாசம் கழிச்சு எழுதணுமாம். கூடப் படிச்ச பிள்ளையளெல்லாம் அடுத்த வருசத்துக்குப் போயிரும்லா" என்றார்.

பஞ்சு குளிர்ந்தது, வயிற்றை எக்கிக்கொண்டேன்.

"நான் படிக்காதவன். ஆனா இருபத்தாறு வருசம் இந்த ரூம்புல கெடக்கேன். அறுத்து வச்சிருக்க வயித்துல எத்தன ஈரலு பாத்திருக்கேன்! சிலது வழுவழுன்னு இருக்கும். சிலது கொண்டக்கடல கொட்டுன மாதிரி முண்டும் முடிச்சுமா இருக்கும். அந்த மனுசன் எங்க போவான், எப்ப வருவான்னு ஈரலு சொல்லிரும். காலைல நீங்க உள்ள வரும்போதே எனக்குத் தெரியும் சார்வாள். இந்த ஸ்பிரிட்டு வாடைக்குள்ள ஒங்க வாடை தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீய."

பஞ்சைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த மாணவரைக் கூப்பிட்டார்.

அக்டோபர் 29, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கே டாக்டர் வசுமதியின் அறைக்குப் போனேன். இரவு எங்கும் போகவில்லை, அதனால் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். உட்காரச் சொன்னார். நின்றபடியே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் சற்று மிரண்டுபோனார்.

"மேடம், உங்க கையை இங்க வைங்க" என்றேன்.

"என்ன ஆச்சு?"

"வைங்க மேடம். மூச்சை நானே இழுத்துக்கிடுதேன்."

அறையிலிருந்த சோபாவில் படுத்தேன். அவர் கை வைத்தார். மூச்சை இழுத்தேன். கை கீழே நகர்ந்தது. மறுபடி இழுத்தேன். கை நின்றது. இத்தனை மாதமும் என்னை ஒரு படம்போலப் பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் முறையாக என் கண்ணின் வெள்ளையைப் பார்த்தார். கீழ் இமையை இழுத்தும் பார்த்தார்.

"எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?"

"அந்தப் பொண்ணு சரியாத்தான் வரைஞ்சா மேடம். நான் படிவத்துல பொய் எழுதிட்டேன். அவ அழுத்துறான்னு உங்ககிட்ட சொன்னதும் பொய். அவ கை பூ மாதிரி."

அவர் தேர்வாளரை வரச் சொன்னார். தங்க பிரேம்காரர் வந்தார். "சார், ஸ்கேலை வச்சிட்டு கையை வைங்க" என்றார் டாக்டர் வசுமதி. தேர்வாளரின் கை குளிர்ந்திருந்தது. மூன்று நாளில் முதல் முறையாக என்னைத் தொட்டார். நான்கு விரல். அவரே எண்ணினார்.

"அப்ப இவர் மேல கல்லீரல் வரைஞ்ச மத்த எட்டு பேரும் தப்பா?" என்று கேட்டார்.

"புத்தகப்படி சரி" என்றார் டாக்டர் வசுமதி. "அவங்க மார்க் அப்படியே இருக்கட்டும், நாமதான் அப்படிச் சொல்லிக் கொடுத்தோம். ஆனா இந்த ஆளைப் படிச்சது ஒருத்திதான். அவளுக்கு முழு மார்க் போடுங்க."

தேர்வாளர் யோசித்தார். பட்டியல் மாலையில்தான் போகும், இன்னும் நேரம் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு ஒன்று போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டார். பத்தாகிவிட்டது. திருத்தம் அவ்வளவு எளிது.

பதினொரு மணிக்கு என்னை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனார்கள். கல்லீரல் வீங்கியிருக்கிறது. கொழுப்பு படிந்திருக்கிறது. வெளியில் கொழுப்பே இல்லாத உடம்புக்குள் அத்தனையும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்னும் முடிச்சு விழவில்லை, இப்போது நிறுத்தினால் பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பும், வளரும் குணம் அந்த உறுப்புக்கு உண்டு என்றார் மருத்துவர். திடீரென்று வீட்டில் உட்கார்ந்து நிறுத்துவது ஆபத்து, வார்டில் சேருங்கள் என்றும் சொன்னார்.

மாதிரி உடல் பதவி இன்றோடு முடிந்தது. இயல்பான உடலைத்தான் அந்த இடத்தில் வைக்க முடியும். டாக்டர் வசுமதி அதை மரியாதையாகத்தான் சொன்னார்.

வார்டுக்குப் போகும் வழியில் செம்மலர் எதிரே வந்தாள். மார்க் விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. என் கையில் ஸ்கேன் உறையைப் பார்த்தாள். நன்றியோ கோபமோ ஒன்றும் இல்லை.

"எடுத்தாச்சுங்களா சார்?"

"எடுத்தாச்சும்மா."

"எவ்வளவு சொன்னாங்க?"

"நாலு விரல்."

தலையசைத்தாள். "காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பையிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்துவிட்டு, தேர்வு எழுத ஓடினாள். இன்று அவளுக்கு உடலியல்.

நின்றபடியே தின்றேன்.

நவம்பர் 1, சனி

இடையில் இரண்டு நாள் நினைவில் இல்லை. மேற்கூரையில் எறும்புகள் பி.டி. செய்துகொண்டிருந்ததாக நான் நர்ஸிடம் புகார் கொடுத்தேனாம். இடம் வலம் தப்பாகப் போட்டனவாம்.

நவம்பர் 3, திங்கள்

ரூபி வந்துவிட்டாள். கல்லூரியிலிருந்து யார் அவளுக்குப் போன் செய்தார்கள் என்று தெரியவில்லை. சுடலைமுத்துவாக இருக்கலாம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறி, கையில் கஞ்சித் தூக்கோடு வந்து நின்றாள். மூச்சு வாங்கவில்லை. முட்டி நன்றாகக் குணமாகியிருக்கிறது.

"செத்துக்கித்து போயிருவீங்களோன்னு பாத்தேன்" என்றாள்.

"ஈரல் திரும்ப வளருமாம் ரூபி. வேற எந்த உறுப்புக்கும் அந்தக் குணம் கிடையாதாம்."

"ஈரலுக்கு இருக்க புத்தி" என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் கஞ்சியை ஊற்றினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும் வரை தூக்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தாள். எவ்வளவு நாள் இருப்பாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 6, வியாழன்

விரல்கள் இன்னும் பேனாவுக்குக் கட்டுப்படவில்லை, திங்கள்கிழமை கிறுக்கியதை எனக்கே படிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல ரூபி எழுதுகிறாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்பதை அவளே எழுதட்டும்.

இன்று மூன்றாமாண்டு மாணவர்கள் ஆறு பேரை மருத்துவர் அழைத்து வந்தார். வீங்கிய கல்லீரலை இவ்வளவு தெளிவாகத் தொட்டுப் பார்க்கும்படி ஒரு உடம்பு கிடைப்பது அரிது என்றார். இங்கேயும் நான் படுத்திருக்க, அவர்கள் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கை வைத்தார்கள். ஆறு பேரும் நான்கு விரல் என்றார்கள். பிறகு ஒரு பையன் குறிப்பேட்டைத் திறந்து வரலாறு கேட்டான். எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள், எவ்வளவு, தினமுமா என்று கேட்டான். உள்ளதை உள்ளபடி சொன்னேன். நான்கு வருடம். அதுவும் தினமும் கிடையாது. உடம்பு வலி இருந்தால் மட்டும். அவன் எழுதிக்கொண்டான். மருத்துவர் பாராட்டினார். நோயாளிகள் பொதுவாக இவ்வளவு

நான் ரூபி எழுதுகிறேன். இவர் சொன்னதை இதுவரை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். இதற்கு மேல் கை வரவில்லை. பத்தொன்பது வருஷம். தினமும். புனித வெள்ளிகூடத் தவறாமல். அந்தப் பையன் நல்ல பையன், படிக்கிற பிள்ளை, தப்பாக எழுதிக்கொண்டு போகக் கூடாது. நான் வராண்டாவில் பின்னாலேயே போய்ச் சொல்லித் திருத்தச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் அடித்துவிட்டு எழுதினான்.

அதை இப்போது இவரிடமும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். கால் மணி நேரம் ஆகிறது.

சரி, மேலே சொல்லுங்கள், எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.